வெறும் டப்பா

அந்த டப்பா காலியாக வந்ததா, இல்லை, வழியில் யாரோ காலி செய்து அனுப்பினார்களா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

சிவப்பு மூடி போட்ட சாதாரண பிளாஸ்டிக் டப்பா. உள்ளே ஒன்றும் இல்லை. வரிசையில் எனக்கு முன்னும் பின்னும் நின்ற பெண்களுக்கும் காலி டப்பாக்கள்தான் வந்தன. அவர்களுக்கு அது நல்ல செய்தி. உள்ளே இருப்பவர் சாப்பிட்டிருக்கிறார், கழுவித் திருப்பி அனுப்பும் தெம்போடு இருக்கிறார். எனக்கு மட்டும் அது நல்ல செய்தியாக இல்லை.

என் கணவர் இங்கே பர்மாவில், போட்டாதாங் பகுதியில் ஆற்றை ஒட்டிய ஒரு கிடங்கில் சரக்குக் கணக்கு பார்த்துவந்தார். ஒருநாள் மதியம் அங்கே சோதனை போட்டார்கள். பின்பக்கத்து அடுக்கில் ஏதோ கிடைத்தது என்றார்கள். என்ன கிடைத்தது என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்கிறார்கள். அன்றைக்குச் சாவி அவரிடம் இருந்தது. எனக்கு உறுதியாகத் தெரிந்தது அவ்வளவுதான். விசாரணையைச் சிறைக்குள்ளேயே ஓர் அறையில் நடத்தினார்கள். தீர்ப்பு என்ன என்பதை வெளியே வந்த ஒருவர் நடந்துகொண்டே என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். சிறை நகரத்தின் வடக்கே இருக்கிறது. அதன் பெயரை நான் எழுதவில்லை. என் கணவரின் பெயரையும் எழுதப்போவதில்லை. நான் தெரிந்துகொள்ள ஆசைப்படுவது ஒன்றே ஒன்றுதான்: அவர் நன்றாக இருக்கிறாரா?

போட்டாதாங்கில் இருந்த அறையைக் காலி செய்துவிட்டு, நானும் எங்கள் மகளும் ஆற்றுக்கு அக்கரையில், டாலாவில், அவருடைய அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அக்காவின் வீட்டுக்காரர் பர்மியர், சைக்கா என்னும் சைக்கிள் ரிக்‌ஷா மிதிக்கிறார். நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார். அந்த வீட்டில் பர்மிய மொழிதான். கோபம் வந்தாலோ, என்னோடு தனியாக இருந்தாலோ மட்டும் அக்காவுக்குத் தமிழ் வரும். என் மகளுக்கு நான்கு வயது. அவளும் பர்மியில்தான் கனவு காண்கிறாள் என்று நினைக்கிறேன். அப்பாவிடம் மட்டும் தமிழில் பேசுவாள். அது அவர் போட்ட சட்டம்.

அப்பா வடக்கே மிங்கலாடோன் விமான நிலையத்தில் வேலை செய்கிறார், லீவு கிடைக்கவில்லை என்று அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். வானத்தில் விமானம் தாழ்ந்து போகும்போதெல்லாம் அவள் கையாட்டுகிறாள். திசை கிட்டத்தட்ட சரிதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எங்கள் முறை வரும். முதலில் ஆற்றைக் கடக்கும் படகு, அதன்பின் நகரைச் சுற்றிவரும் ரயில், அதன்பின் வெயிலில் வரிசை. பொருள்களை முதலில் ஜன்னலில் கொடுக்க வேண்டும். அவர்கள் சோப்பை நான்காக அறுத்துப் பார்ப்பார்கள். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளக் காய்ந்த இறாலும் பூண்டும் மிளகாயும் போட்டு நான் வறுத்து எடுத்துப் போகும் பலாச்சாங்கைக் கம்பியால் குத்திக் கிளறுவார்கள். போன முறை கொடுத்த டப்பாவை அதே ஜன்னலில் திருப்பித் தருவார்கள். பிறகுதான் பார்வை. இரண்டு கம்பிவலைகள், நடுவில் ஓர் ஆள் நடக்கும் அளவுக்கு இடைவெளி, அதில் ஒரு காவலர் நடந்துகொண்டே இருப்பார். பர்மியில்தான் பேச வேண்டும், அவருக்குப் புரிய வேண்டும் என்பதற்காக. வீட்டில் நாங்கள் இருவரும் பர்மியில் பேசிக்கொண்டதே இல்லை. அவருடையது படகுத்துறைப் பர்மி, என்னுடையது பள்ளிக்கூடப் பர்மி. வலைக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, ஏதோ அலுவலகத்தில் சந்தித்தவர்களைப் போல, "தமின் சா பீ பி லா?" என்று கேட்டுக்கொள்வோம். சாப்பிட்டாயிற்றா என்று அர்த்தம். இந்த ஊரில் யாரைப் பார்த்தாலும் கேட்பது அது. எங்களுக்கு அதற்குள்ளேயே எல்லாவற்றையும் அடக்க வேண்டியிருந்தது.

முதல் முறை திரும்பி வந்த டப்பாவைப் படகில் திறந்து பார்த்தேன். அடியில் நாலைந்து உப்புக் கற்கள் கிடந்தன. சரியாகக் கழுவாமல் அனுப்பிவிட்டார் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து கவிழ்க்கப் போனபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏய், கொட்டிடாத. அவன்தான்டி வெச்சிருக்கான்."

"என்னக்கா?"

"எங்க வீட்டுல பாத்திரத்த வெறுசா திருப்பிக் குடுத்தா எங்கம்மா அடிக்க வரும். பக்கத்து வீட்டுலேர்ந்து கறி வந்தா, ஏனத்தக் கழுவி ரெண்டு கல் உப்பாவது போட்டுத்தான் குடுக்கணும். ஒண்ணுமில்லாதப்ப வெத்தல காம்பக் கூட போட்டுருக்கோம்." அக்கா சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மாமியார் வீட்டுக்குப் போயும் முறை மாறல பாரு என் தம்பி! அங்கேயும் சீர் வெக்கிறான்!"

என் அம்மா வீட்டிலும் அதுதான் பழக்கம். ஆனால் சிறைச்சாலையிலிருந்து வரும் டப்பாவுக்கு அது பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியிருக்கிறது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் ஏதாவது இருந்தது. புளியங்கொட்டை, காய்ந்த வேப்பிலை. ஒருமுறை சட்டைப் பொத்தான். அது எந்தச் சட்டையினுடையது என்று எனக்குத் தெரியும். டப்பாவைத் திறப்பது என் மகளின் வேலையானது. படகுத்துறையிலிருந்து நான் நடந்து வரும்போதே ஓடிவந்து மூடியைப் பிடித்து இழுப்பாள். அப்பா அனுப்பினார் என்று தமிழில் சொல்லிக்கொண்டே, கிடைத்ததைக் கன்னத்தில் அரைத்துப் பூசிய தனக்காப் பட்டையின் மேல் ஒட்டவைத்துப் பார்ப்பாள்.

உள்ளேயிருந்து எதையும் வெளியே அனுப்பக்கூடாது. அது ஜன்னலின் மேலேயே எழுதியிருக்கிறது. உப்புக் கல்லையும் அதில் சேர்ப்பார்களா? எனக்குச் சந்தேகம் இருந்தது. இருந்தும் நான் அவரிடம் நிறுத்தச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது, நடுவில் காவலர் நடக்கிறாரே? இதுவும் நான் எனக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானமாக இருக்கலாம்.

டப்பா காலியாக வந்த அன்று, பார்வையும் இல்லை என்றார்கள். "அந்தக் கட்டடத்துக்காரர்களுக்கு இன்றைக்கு இல்லை" என்றார் ஜன்னலில் இருந்தவர். ஏன் என்று கேட்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். கொண்டுபோனவற்றை மட்டும் வாங்கிக்கொண்டார்.

ஓரமாக வந்து டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். பலாச்சாங்கின் பூண்டு வாசனை பிளாஸ்டிக்கை விட்டு லேசில் போகாது. அவர் பச்சைத் தண்ணீரில் கழுவுவார். ஒவ்வொரு முறையும் அந்த வாசனையோடுதான் டப்பா வரும். இப்போது வாசனைச் சோப்பு மணத்தது. நான் அவருக்கு அனுப்புவது துணி சோப்பு மட்டுந்தான்.

வரிசையில் வழக்கமாகப் பார்க்கும் ஒரு வயதான பர்மியப் பெண், தன் மகனைப் பார்க்க வருபவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"என்னம்மா, சாமானை வாங்கிக்கிட்டாங்களா?"

"வாங்கிக்கிட்டாங்க."

"அப்ப ஆள் இருக்கார். இல்லாத ஆளுக்கு வாங்க மாட்டாங்க."

பக்கத்தில் நின்ற இன்னொருத்தி, என் வயதுதான் இருக்கும், சட்டென்று சொன்னாள்: "எங்க வீட்டுக்காரர வேற ஊருக்கு மாத்துனப்புறமும் ஒரு மாசம் என்கிட்ட வாங்கிக்கிட்டுத்தான் இருந்தாங்க. யாரு தின்னாங்களோ!"

"உன் வாயில மண்ண போட" என்று கிழவி அவளை அதட்டினார். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

திரும்ப ஜன்னலுக்குப் போய்க் கேட்டிருக்கலாம். என்ன கேட்பது? எப்போதும் உள்ளே ஏதாவது வைத்து அனுப்புவார், இன்றைக்கு இல்லையே என்றா? எப்போதும் என்ன வந்தது என்று திருப்பிக் கேட்டால்? நான் வாயைத் திறந்தால் அவர் மாட்டிக்கொள்வார். திறக்காவிட்டால், அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால், யாரும் கேட்கவில்லை என்று ஆகிவிடும். யோசித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் ஜன்னலை மூடிவிட்டார்கள்.

படகில் கடற்காக்கைகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார்கள். என் காலடியில் ஒரு வெள்ளை இறகு விழுந்துகிடந்தது. அதை எடுத்து டப்பாவில் போட்டு மூடினேன். டாலாவில் மகள் ஓடிவந்து திறந்தாள், துள்ளிக் குதித்தாள்.

"அப்பா பறவை புடிச்சாரா?"

"ஆமா."

"அது அழுவுச்சா?"

"இல்ல. தானா விழுந்த இறகுதான்."

அவள் முழுதாக நம்பிவிட்டாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. யார் வைத்தாலும் அப்பா வைத்ததுதான் என்று அவள் நம்புகிறாள். நான் மட்டும் என்ன? இத்தனை முறையும் வந்தவற்றை அவர்தான் வைத்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்? சட்டைப் பொத்தான் அவருடையது. அந்தச் சட்டையை இப்போது யார் போட்டிருக்கிறார்கள்?

அடுத்த முறையும் பார்வை இல்லை. டப்பாவை ஜன்னலிலிருந்து வாங்கியதும் குலுக்கிப் பார்த்தேன். உள்ளே ஏதோ சரசரத்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. படகு ஏறும்வரை பொறுத்துத் திறந்தேன். உப்பு. ஆனால் கல் உப்பு இல்லை. பொடி உப்பு, வெள்ளை வெளேரென்று, கடையில் பொட்டலத்தில் விற்பது, ஒரு கைப்பிடி அளவுக்கு.

அன்றைக்கு மகள் தூங்கிப்போயிருந்தாள். அவளிடம் காட்டவில்லை. அக்காவும் நானும் அடுப்படியில் டப்பாவை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அக்கா விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்புதான்" என்றாள்.

"அது தெரியுதுக்கா. யாரு வெச்சது?"

"அவன்தான் வெச்சிருப்பான். கெடச்சத வெக்கிறான்."

"ஒரு கைப்பிடியா வெப்பாங்க? மொறைக்கு வெக்கிறவங்க ஒரு துளிதான் வெப்பாங்க. இது மொறை தெரியாதவங்க வெச்சது."

அக்கா உப்பை விரலால் கிளறினாள். பிறகு சொன்னாள்: "கூட இருக்கறவன் எவனாச்சும் வெச்சிருப்பான். இவன் முடியாம படுத்திருப்பான். 'டப்பாவ வெறுசா அனுப்பாத, உப்பு போட்டு அனுப்பு'ன்னு சொல்லியிருப்பான். அந்த பர்மாக்காரனுக்கு எவ்ளோ போடணும்னு என்ன தெரியும்? அள்ளிப் போட்டுட்டான்."

"முடியாமன்னா?"

"காய்ச்சல் கீய்ச்சல்."

"இல்லன்னா?"

"இல்லன்னா என்ன இல்லன்னா? எப்பப் பாரு ஒரு இல்லன்னா! வாய மூடுடி."

நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் நினைப்பை மூட முடியவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டு, நான் என்ன செய்கிறேன் என்று பார்ப்பதற்காகத்தான் போட்டு அனுப்பியிருந்தால்? நான் ஜன்னலிலேயே டப்பாவைக் குலுக்கினேனே! எதையோ எதிர்பார்ப்பவள்தானே குலுக்குவாள்? காலி டப்பாவை யாராவது குலுக்குவார்களா?

அக்காவின் வீட்டுக்காரர் சைக்காவுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் தமிழ் அவருக்கு அரைகுறையாகத்தான் புரியும். "அதைச் சமையலில் சேர்க்காதே" என்று மட்டும் பர்மியில் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அக்கா எழுந்துபோய் அதை ஆற்றுப் பக்கம் கொட்டிவிட்டு வந்தாள்.

போன வாரம் மறுபடியும் போனேன். ஜன்னலில் ஒரு பெண் காவலர் இருந்தார், இதற்கு முன் எப்போதோ அவர் வலைப்பக்கம் நடந்ததைப் பார்த்திருக்கிறேன். சிரித்த முகம். என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உனக்கு ஒரு குழந்தை இருக்கில்ல?"

"இருக்கு."

"அடுத்த முறை குடும்பப் பார்வை. சின்னக் குழந்தை இருக்கறவங்களுக்கு மட்டும். வலை கிடையாது. ஒரே அறையில் உக்காந்து பேசலாம். பாப்பாவைக் கூட்டிட்டு வா. உன் வீட்டுக்காரர் கேட்டார்."

பர்மியில் பேசிக்கொண்டு வந்தவர், பாப்பா என்ற சொல்லைத் தமிழிலேயே சொன்னார். எங்கள் வீட்டைத் தவிர வேறெங்கும் அவளை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

"அவரா கேட்டார்?" என்றேன்.

"பின்னே நானா? எனக்கு வீட்டுல ரெண்டு இருக்கு, அதுங்க பண்ற ரகளையே போதும்." அவர் சிரித்தார்.

"அவர் நல்லா இருக்காரா?"

"வந்து பாரேன்."

"குழந்தை இல்லாம நான் மட்டும் வந்தா?"

"எப்பவும் போல சாமானைக் குடுத்துட்டுப் போகலாம்" என்றார். அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அல்லது சிரித்தார், நான் அதற்குள் கண்ணைத் தாழ்த்திவிட்டேன். சரியாக நினைவில்லை.

இப்போது ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் பார்வையின்போது, நேரம் முடிந்துவிட்டது என்று கத்திய பிறகு, அவர் வலையில் இரண்டு கைகளையும் வைத்துத் தமிழில் வேகமாகச் சொன்னார்: "பாப்பாவ இங்க கொண்டாந்துடாத. நானே கேட்டாலும் கொண்டாராத." நடுவில் நடந்தவர் பிரம்பால் வலையைத் தட்டினார். அவ்வளவுதான். அப்போது, அவர் தன் மனசு இளகிவிடும் என்று பயந்து முன்கூட்டியே என்னைக் கட்டிவைக்கிறார் என்று புரிந்துகொண்டேன். எத்தனை நாள்தான் ஒரு மனிதன் தன் பிள்ளையைப் பார்க்காமல் இருப்பான், ஒருநாள் பலவீனத்தில் கேட்டுவிடுவான், அன்றைக்கு நீ உறுதியாக இரு என்று சொல்கிறார் என்று. இப்போது அதே சொற்களைத் திரும்ப யோசித்துப் பார்க்கிறேன். நான் கேட்டதாக யார் வந்து சொன்னாலும் நம்பாதே என்றா சொன்னார்? அன்றைக்கே உள்ளே எதையாவது பார்த்துவிட்டாரா?

அந்தப் பெண் காவலருக்குப் பாப்பா என்ற சொல் எப்படித் தெரிந்தது? என் கணவர் சொல்லித்தான் தெரிந்திருக்க வேண்டும். அப்படியானால் அவர் உயிரோடு, பேசும் நிலையில் இருக்கிறார், மகளைக் கேட்கிறார். உடனே பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்போல் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு வலைப்பக்கம் நடந்தது யார்? பிரம்பைத்தான் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. அது இவராகவே இருந்தால், அந்தச் சொல்லை அன்றைக்கே கேட்டிருப்பார்.

கணவர் சொன்னதைத் தட்டாதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். படித்தவள்தான், ஆனாலும் அது எனக்குச் சுமையாக இருந்ததில்லை. இப்போது அவருடைய இரண்டு சொற்கள் என்னிடம் இருக்கின்றன. ஒன்றை அவர் வாயால் கேட்டேன், மற்றதை இன்னொருவர் வாயால் கேட்டேன். முன்னதற்குக் கட்டுப்பட்டால், அவர் நன்றாக இருக்கிறாரா என்று அறியும் ஒரே வழியை நானே அடைத்துவிடுகிறேன். பின்னதற்குக் கட்டுப்பட்டால், நான்கு வயதுக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கதவைத் தாண்டி உள்ளே போக வேண்டும். அங்கே எங்களுக்காகக் காத்திருப்பது யார் என்று தெரியாமல்.

அக்கா முதல்நாள் சொன்னாள்: "கூட்டிட்டுப் போடி. பெத்தவன் முகத்த அது பாக்க வேணாமா?" மறுநாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "வேணாம். நீ மட்டும் போ. இல்ல, நீயும் போவாத, நான் போறேன். அக்கான்னா விடுவாங்கல்ல?" விடமாட்டார்கள். குழந்தையோடு தாய் என்றுதான் சொன்னார்கள். அவள் வீட்டுக்காரர் மட்டும் தன் கருத்தைச் சொல்லவில்லை. எப்போது போகிறாய் என்று கேட்டார், படகுத்துறை வரை சைக்காவில் கொண்டுவிட.

மகளுக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஏதோ தெரிந்திருக்கிறது. நேற்று, "மிங்கலாடோனுக்குப் போறப்ப நான் செருப்புப் போட்டுக்கணுமா, ஷூ போட்டுக்கணுமா?" என்று கேட்டாள். யார் சொன்னார்கள் என்று கேட்டால், யாரும் இல்லை என்கிறாள்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். இங்கே என்னைச் சுற்றி இருப்பவர்களில் இதைப் படிக்கக்கூடியவர்கள் மிகக் குறைவு, அதனால்தான் எழுதும் தைரியம் வந்தது. படிக்கிற உங்களில் யாராவது இப்படி ஒரு வாசலில் நின்றிருக்கலாம். குழந்தையை அழைத்துப் போயிருக்கலாம், அல்லது அழைத்துப் போகாமல் இருந்துவிட்டு இன்றும் அதை நினைத்துக்கொண்டிருக்கலாம். அப்படியானால் எனக்குச் சொல்லுங்கள். என் மேல் இரக்கப்பட்டு நல்லதாக மட்டும் சொல்ல வேண்டாம். நீங்கள் என் இடத்தில் இருந்தால் அவளைக் கூட்டிக்கொண்டு போவீர்களா? வரும் வாரம் எங்கள் முறை. அதற்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.